பின்னேர வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு உறவுகளே,

சான்றுபெற்ற பாடசாலையில் இருந்து, அதாவது வழக்கில் அகப்பட்ட பிள்ளைகளை நீதிமன்றம் அனுப்பித் தங்கவைக்கும் இடத்தில் இருந்து, வீடு திரும்பி எங்கள் பின்னேர வகுப்பில் படித்த பெடியள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டார்கள். முடிவு வரும்போது வரட்டும், அதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுகிறோம். ஒருவருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. கண்டாவளைப் பக்கம் ஒரு பெயரைச் சொன்னால் மற்றப் பெயர்களும் வெளியில் வந்துவிடும். பெடியள் இனியும் இந்த ஊரில்தானே இருக்க வேண்டும்.

முதலில் கணிதம் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. இந்தப் பெடியளில் பலர் களவாக மணல் ஏற்றப் போய்ப் பிடிபட்டவர்கள். ஐயா கனவளவுப் பாடத்தை மணலில் இருந்தே தொடங்கினார். 10 அடிக்கு 10 அடி இடத்தில் ஓரடி உயரத்துக்குக் கொட்டினால் 100 கன அடி, அதுதான் ஒரு கியூப். உழவு இயந்திரப் பெட்டியைப் பார்த்த உடனேயே அளவு சொல்லக்கூடிய பெடியளுக்கு அதைக் கொப்பியில் செய்து காட்டத்தான் தெரியாமல் இருந்தது. "களவு மணலையா படிப்பிக்கிறார்?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

நன்னடத்தை உத்தியோகத்தர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? சான்றுபெற்ற பாடசாலைக்கு உள்ளேயும் பாடம் நடக்கிறதுதான். ஆனால் பிள்ளை போவதும் வருவதும் வழக்கைப் பொறுத்தது, பாடசாலைத் தவணை அதற்காகக் காத்திருக்காது. யார் எந்தப் பாடத்தில் எதுவரை படித்தான் என்று கேட்டு எழுதி வந்து தந்தவர் அவர்தான். ஒரு பாடசாலை "மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்று திருப்பி அனுப்பியபோது, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம் என்று வழிகாட்டியவரும் அவர்தான். 2016 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். அது தெரிந்தவர்கள்தான் திருப்பி அனுப்பினார்கள்.

தனியாக எழுதுவதென்றால் அடையாள அட்டை வேண்டும். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் விண்ணப்பம் அனுப்புவார், இவர்களுக்கு யார் அனுப்புவது? கிராம அலுவலர் தம்பி விடுமுறை நாளிலும் படிவம் நிரப்பிக் கொடுத்தார். 2009 இடப்பெயர்வின்போது பிறந்து பதிவில்லாமல் போனவர்களுக்கு, காலங்கடந்த பிறப்புப் பதிவுக்காகக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வரை அலைந்ததும் அவர்தான்.

மாதர் சங்க அம்மாமாரின் தேநீருக்கும் அவித்த கடலைக்கும் நன்றி. பரீட்சை நாட்களில் காசு வாங்காமல் ஏற்றி இறக்கிய ஆட்டோ அண்ணைக்கும் நன்றி. கனடாவில் இருந்து காசு அனுப்பிய உறவுகளுக்கு நன்றி, பிள்ளைகளின் படம் கேட்காமல் அனுப்பியதற்கு இன்னொரு நன்றி.

வகுப்பு தொடர்ந்து நடக்கும். விஞ்ஞானத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பரந்தன், தருமபுரம், விசுவமடுப் பக்கம் உள்ள ஆசிரியர் யாராவது கிழமையில் ஒரு பின்னேரம் தர முடிந்தால் வாசிகசாலைக்கு வந்து சொல்லுங்கள். பெட்ரோல் காசு நாங்கள் தருவோம்.

அன்புடன்,
பின்னேர வகுப்பு ஏற்பாட்டாளர்கள்,
கண்டாவளை, கிளிநொச்சி