வசந்தகாலக் குட்டைகள்: உறுப்பினர்களின் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் பனி உருகும் நீராலும் மழையாலும் நிரம்பி, பெரும்பாலும் கோடையில் வற்றிவிடும் குட்டைகளில் மீன்கள் நிலைத்து வாழ முடியாது என்பதால், சில இருவாழ்விகள் முட்டையிட அவற்றையே நாடி வருகின்றன. ஒரு குட்டை இத்தகைய வசந்தகாலக் குட்டைதான் என்பதற்கு நீர் தேங்கியிருப்பது மட்டும் போதிய சான்றாகாது; முட்டைத் திரள்களைத் தேடுங்கள். காட்டுத் தவளையின் திரளுக்குப் பொதுவான வெளியுறை இல்லாததால் அதன் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும். புள்ளிச் சாலமாண்டர் எனும், பல்லி போன்ற உருவமுடைய இருவாழ்வியின் திரளையோ உறுதியான கூழுறை ஒன்று முழுவதுமாக மூடியிருக்கும், முட்டைகளுக்குள் வாழும் பாசியால் (வியக்கத்தக்க கூட்டுவாழ்வு இது) நாளடைவில் பச்சை நிறமும் ஏறுவதுண்டு. திரள்களை நீரிலிருந்து எடுக்காமலேயே படம்பிடித்து, இடக்குறிப்புடன் இக்குழுவில் பதிவிடுங்கள். நோய்க்கிருமிகள் ஈரச் சேற்றுடன் பரவக்கூடுமாதலால், அடுத்த குட்டைக்குச் செல்லுமுன் காலணிகளைக் கழுவி உலர்த்துவது கட்டாயம்.