பேட்டரியை மாத்த விடுங்க: பாடி டிராக்கர் கம்பெனிக்கு கடலூர்ல இருந்து ஒரு திறந்த மடல்

கண்ணுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு ஆடுற விஆர் விளையாட்டுக்கு, நம்ம அசைவைப் பிடிக்க உடம்புல கட்டுற டிராக்கர் விக்கிற கம்பெனியோட சப்போர்ட் டீமுக்கும், அதுக்கு மேல முடிவெடுக்கிற இடத்துல இருக்கிறவங்களுக்கும் வணக்கம்.

உங்ககிட்ட வாங்கின செட்ல ஒரு டிராக்கரோட பேட்டரி உப்பிப் போச்சு, வாரண்டியில மாத்திக் குடுங்கன்னு கேட்டிருந்தோம். பில்லு, போட்டோ, கம்ப்ளெய்ன்ட் நம்பர் எல்லாம் உங்ககிட்டயே இருக்கு, அதனால முதல்ல இருந்து சொல்லல. கடைசி மெயில்ல நீங்க எழுதினது, பழைய டிராக்கர் உங்க கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் புதுசு அனுப்புவோம்னு. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மடல்.

பேட்டரி உப்பி, மூடி ஒரு பக்கம் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கிற அந்த டிராக்கரை மொட்டை மாடியில ஒரு பழைய மண்சட்டியில மணல் கொட்டி அதுக்குள்ள வெச்சிருக்கோம். வீட்டுக்குள்ள வைக்க அம்மா விடல, அவங்க விடாததுதான் சரி. போட்டோவை எடுத்துக்கிட்டு கூரியர் ஆபீஸ் போனேன். கவுன்ட்டர்ல இருந்த பையன் பார்த்ததுமே, "அண்ணே, லித்தியம் பேட்டரி, அதுவும் உப்பினது, பிளேன்ல ஏத்தவே மாட்டாங்க, இதை நான் வாங்கினா என் வேலை போயிரும்"னு சொல்லிட்டான். அவன் சொன்னதுல தப்பே இல்ல. உப்பின, அடிபட்ட லித்தியம் பேட்டரியை விமானத்துல அனுப்பக் கூடாதுங்கிறது உலகம் பூரா இருக்கிற ரூல், பேட்டரி வெச்ச பொருளை நாடு நாடா அனுப்புற உங்களுக்கு அது அவனை விட நல்லாவே தெரியும். தெரிஞ்சும் அதையே வாரண்டிக்கு கண்டிஷனா வெச்சா, நாங்க என்னதான் செய்யறது?

லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில அண்ணன் ஒருத்தர் இருக்காரு, எந்த போனைக் குடுத்தாலும் பிரிச்சிருவாரு. அவரும் போட்டோவை பெருசு பண்ணிப் பார்த்துட்டு, ஒரு ஸ்க்ரூ கூட இல்லையே தம்பி, பூரா ஒட்டி வெச்சிருக்கான், ஹீட் கன் காட்டாம மூடியைக் கழட்ட முடியாது, உப்பின பேட்டரி மேல ஹீட் காட்டினா தீப்பிடிச்சிரும்னு கையை விரிச்சிட்டாரு. நாலு ஸ்க்ரூ போட்டு, உள்ள கழட்டி மாட்டுற மாதிரி ஒரு பேட்டரி வெச்சிருந்தா இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. தயவுசெஞ்சு பேட்டரியை மாத்துற மாதிரி செய்யுங்க, அந்த பேட்டரியை இங்க விலைக்குக் குடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்.

ஒண்ணுதானே போச்சு, மிச்சத்தை வெச்சு விளையாடுங்கன்னு உங்க ஆள் ஒருத்தர் எழுதியிருந்தாரு. ஹெட்செட்டுக்கு தெரியறது தலையும் ரெண்டு கையும்தான், இடுப்புக்கு கீழ எல்லாம் ஊகம், அதுக்காகத்தானே உங்க செட்டையே வாங்குறோம். ஒவ்வொரு டிராக்கரும் தான் எப்படி சாஞ்சிருக்கு, எப்படி திரும்பியிருக்குன்னு மட்டும்தான் சொல்லும், சாஃப்ட்வேர் எலும்பு நீளத்தை வெச்சு ஒண்ணோட ஒண்ணு கோத்துத்தான் முழு உடம்பையும் காட்டுது. போனது வலது கணுக்கால்ல கட்டுறது. என் தம்பி சிலம்பம் சுத்துறவன், சனி ஞாயிறு ஆனா விஆர்சாட்னு விஆர்ல ஆளுங்க பொம்மை உருவத்துல சந்திச்சுக்கற ஆப்ல ஒரு ரூம்ல மலேசியாவுல இருக்கிற பசங்களுக்கு காலடி வரிசை சொல்லிக் குடுப்பான். சிலம்பத்துக்கு காலுதான் எல்லாமே, இப்ப அவன் முட்டியை மடக்கி இறங்கினாலும் அங்க இருக்கிறவங்களுக்கு வலது காலு கட்டையாட்டம் நிக்குது. பசங்க அந்தக் காலைப் பார்த்துத்தான் கத்துக்கணும்! தனியா ஒரே ஒரு டிராக்கர் வேணும்னு கேட்டா, செட்டாதான் விப்போம்ங்கறீங்க.

எங்க ஊரு வெயிலும் தெரிஞ்சுக்கங்க. கத்திரி வெயில்ல காலையில டிராக்கரை கேலிபிரேட் பண்ணி, அதாவது அளவை சரிபண்ணி வெச்சா, சூடாக சூடாக திரும்புறதை அளக்குற கைரோ சென்சார் கணக்கு நகர்ந்து, நேரா நிக்கிற ஆளு கொஞ்சம் கொஞ்சமா திரும்பிருவான். வேர்வையில ஸ்ட்ராப் வழுக்கி இறங்கும், ஸ்டீல் பீரோ பக்கத்துல போனா காந்த சென்சார் குழம்பும். இதையெல்லாம் நாங்க ரீசெட் அடிச்சு சமாளிச்சுக்கறோம், அதுக்கு உங்களை குத்தம் சொல்லல. ஆனா சூட்டுல லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும்னு தெரிஞ்சும் அதை ஒட்டி மூடி இந்த மாதிரி ஊருக்கு விக்கிறது நியாயமே இல்ல.

முடியாத விஷயமும் இல்ல இது. ஸ்லைம்விஆர்னு, யாரு வேணும்னாலும் பார்த்து செஞ்சுக்கலாம்னு திறந்த டிசைன்ல வர்ற டிராக்கரை பசங்க சின்ன வைஃபை போர்டு, அசைவை அளக்குற ஐஎம்யூ சென்சார், தனி பேட்டரி வாங்கி வீட்டுலயே சால்டர் பண்ணிக்கறாங்க, பேட்டரி போனா பேட்டரி மட்டும் மாத்தறாங்க. ஐரோப்பாவுல 2023ல போட்ட பேட்டரி சட்டப்படி 2027 பிப்ரவரி 18ல இருந்து சின்ன சாதனங்கள்ல பெரும்பாலானதுக்கு பயன்படுத்துறவங்களே பேட்டரியை கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும். அங்க விக்கறதுக்கு எப்படியும் டிசைனை மாத்தித்தான் ஆகணும், அதே டிசைனை எங்களுக்கும் குடுங்கன்னுதான் கேக்கறோம்.

இது உங்க ஒரு கம்பெனி கதை மட்டுமில்ல. இயர்பட்ஸ், வாட்ச்னு எதை எடுத்தாலும் டெலிவரிக்கு கடலூர் பின்கோடு போதும், சர்வீஸ்னு வந்தா சென்னைக்குப் போ, பெங்களூருக்குப் போ, இல்லைன்னா தூக்கிப் போட்டு புதுசு வாங்கு. எங்க போடறது? சிப்காட் கெமிக்கல் கம்பெனிங்க பக்கத்துல இருந்துக்கிட்டு காத்து கெட்டுது, நிலத்தடி தண்ணி கெட்டுதுன்னு வருஷக்கணக்கா போராடுற ஊரு சார் இது, இங்க குப்பை வண்டியில லித்தியம் பேட்டரியைப் போட எங்களுக்கு மனசு வரல. 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி இந்தியாவுல பேட்டரி விக்கிறவங்க, இறக்குமதி பண்றவங்கதான் பழசை திரும்ப எடுத்துக்க ஏற்பாடு பண்ணணும். நீங்களும் பண்ணுங்க.

கோவத்துல கொஞ்சம் நீளமா எழுதிட்டேன், ஆனா கேக்கறது மரியாதையாத்தான். உப்பின டிராக்கரை அனுப்பச் சொல்லாம, போட்டோவையும் சீரியல் நம்பரையும் வெச்சு வாரண்டியை குடுங்க. அடுத்து வர்ற மாடல்லயாவது பேட்டரியை நாங்களே மாத்துற மாதிரி செய்யுங்க, பேட்டரியும் ஸ்ட்ராப்பும் இந்தியாவுலயே கிடைக்க வழி பண்ணுங்க. அதுவரைக்கும் தனி டிராக்கரா விலைக்குக் குடுத்தாலும் வாங்கிக்கறோம். இதுல எது முடியும், எப்ப முடியும்னு எழுதின பதில் ஒண்ணு அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்க டிராக்கரை காசு குடுத்து வாங்கின ஒருத்தன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்