ரூபியின் அம்மா யார்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பக்கங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அப்பாவும் படித்தார். 'டாக்டர் ஹூ' தொடரைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுத உன்னை விட்டால் ஆள் கிடையாது என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பக்கம் எழுதியவள், எப்படி இருக்கிறாய் என்று இரண்டு வரி சேர்த்திருக்கலாம். போன் செய்தால் எடுப்பதில்லை. சரி, வேலை இருக்கும். எழுதியதற்கே பதில் எழுதுகிறேன்.

டாக்டருடன் காலப் பயணம் போகும் ரூபி சண்டேயின் அம்மா கடைசியில் ஒரு சாதாரணப் பெண்ணாகிப் போனது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் என்கிறாய். அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

உன் கோபம் புரியாமல் இல்லை. 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் முக்காடு போட்ட ஒருத்தி கைக்குழந்தை ரூபியைச் சர்ச் வாசலில் வைத்துவிட்டுப் பனியில் நடந்துபோகிறாள், முகம் தெரியவில்லை. 2023 டிசம்பரில் அதைக் காட்டிவிட்டு 2024 ஜூன் வரை காக்க வைத்தார்கள். நடுவில் ரூபி இருக்கும் இடத்தில் காரணமே இல்லாமல் பனி பெய்தது. இசையையே விழுங்கும் மாஸ்ட்ரோகூட அவளுக்குள் ஒளிந்திருந்த பாட்டைக் கேட்டு மிரண்டது. இத்தனையும் காட்டினால் பார்க்கிறவர்கள் கணக்குப் போடத்தான் செய்வார்கள். அம்மா யார் என்றால், பழைய கதைகளில் வந்த ரிவர் சாங் என்றார்கள், ராணி என்றார்கள், ரூபியே தனக்கு அம்மா என்றுகூடச் சொன்னார்கள். நீ சூசன் என்றாய். 1964-ல் டாக்டர் பூமியில் விட்டுவிட்டுப் போன பேத்தி; திரும்பி வருவேன் என்று சொன்னவர் வரவே இல்லை; அந்தக் கடன் இப்போது தீரப் போகிறது என்று நீ எழுதியதைப் படித்தபோது நானும் நம்பினேன். சூசன் ட்ரையாட் என்ற பெயர் வந்ததும் எழுத்துகளை மாற்றிப் போட்டு டாக்டரின் காலப் பயண ஊர்தியான டார்டிஸ் என்று கண்டுபிடித்து ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி அனுப்பினாயே. அது தொடரை எழுதும் ரஸ்ஸல் டி. டேவிஸ் விரித்த வலை. உங்களை எல்லாம் அந்தப் பக்கம் பார்க்க வைத்துவிட்டு, இந்தப் பக்கம் 1975-ல் வந்த வில்லன் சுட்டெக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதே கேப்ரியல் வுல்ஃபின் குரல். அதை நீயே ரசித்தாய்.

அப்புறம் ஜூன் 22, கடைசிக் கதை. ரூபியின் அம்மா பெயர் லூயிஸ். குழந்தை பிறந்தபோது வயது 15. வீட்டில் மாற்றாந்தகப்பன் சரியில்லை, குழந்தையாவது தப்பிக்கட்டும் என்று விட்டுப் போனாள். அன்றிரவு போகும்போது அவள் கையை நீட்டிக் காட்டியது டாக்டரை அல்ல, தெருப்பெயர்ப் பலகையை. பிள்ளைக்கு ரூபி என்ற பெயர் வையுங்கள் என்பதற்காக.

அந்தக் கை நீட்டல் எனக்கும் ஒட்டவில்லை. ஆளில்லாத தெருவில் யாருக்காகக் காட்டினாள்? பனிக்கும் அவர்கள் சொன்ன காரணம் போதாது. இதிலெல்லாம் நீ சொல்வது சரி. ஆனால் 'சாதாரணப் பெண்தானா' என்று நீ மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்தத் 'தானா'தான் என்னைப் பிடித்து உலுக்கியது. பதினைந்து வயதில், பயந்த வீட்டிலிருந்து, பனியில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவளிடம் இன்னும் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? உலகத்தையே சாம்பலாக்கிய சுட்டெக், அவள் யார் என்று தெரியாமல் தவித்து, தெரிந்துகொள்வதற்காகவே ரூபியையும் டாக்டரையும் உயிரோடு விட்டுவைத்தான். நாம் முக்கியம் என்று நினைத்ததால்தான் அவள் முக்கியமானாள் என்று டாக்டர் சொல்லும் இடம் அந்தத் தொடரிலேயே எனக்குப் பிடித்த இடம். உனக்கும் பிடிக்கும் என்று எண்ணியிருந்தேன்.

ஒன்று யோசித்துப் பார். 2020 மார்ச் 1 அன்று 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' வந்தபோது ஏன் கொதித்தாய்? டாக்டர் ஊரை விட்டு ஓடிவந்த ஒரு சாதாரண டைம் லார்ட், அதுதான் அழகு, அவரைப் போய் வேறெங்கிருந்தோ வந்த அபூர்வக் குழந்தை ஆக்கிவிட்டார்களே என்றாய். 1976 கதையில் முதல் டாக்டரான ஹார்ட்னெலுக்கு முந்தைய டாக்டர் முகங்கள் வந்ததை நீதான் எனக்கு விளக்கினாய், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறார்கள் என்று கத்தினாய். அன்று பிறப்பைப் பெரிதாக்கியது தப்பு. நாலு வருடம் கழித்துப் பிறப்பைச் சிறிதாக்கியது தப்பு. உன்னை மட்டும் சொல்லவில்லை, ரசிகர்களில் பாதிப் பேர் இப்படித்தான் இரண்டு பக்கமும் கோபப்பட்டார்கள். எங்கிருந்து வந்தோம் என்ற கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் மனசு நிறையாது போலிருக்கிறது.

எனக்கு அந்த 2020 கதையில் கோபம் வந்தது வேறு இடத்தில். அந்தக் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தாளே டெக்டியூன், அவளிடம். பெற்றவர்கள் யாரென்று தெரியாத பிள்ளையை எடுத்து வந்து, அதன் உடம்பை ஆராய்ச்சி செய்து, அதிலிருந்து கிடைத்ததை எடுத்து ஓர் இனத்தையே உண்டாக்கினாள். பிள்ளைக்கு அதன் நினைவே இல்லாமல் போனது. அவளையும் அம்மா என்றுதானே சொல்கிறார்கள். அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னிடம் நாங்கள் எதையும் மறைத்ததில்லை. உனக்குக் கேட்கத் தெரிந்த வயதிலேயே சொன்னோம். தாத்தா வேண்டாம் என்றபோதும் சொன்னோம். சித்தி அன்றைக்குக் கல்யாண வீட்டில் பேசியதை இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்காதே. அவள் வாய் அப்படி.

ரூபியை வளர்த்த கார்லாவைப் பற்றி உன் பக்கங்களில் ஒரு பத்திகூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். 33 பிள்ளைகளுக்கு வீட்டில் இடம் கொடுத்தவள். முதல் கதையில் பூதங்கள் ரூபியைக் காலத்திலிருந்தே எடுத்துப் போனதும், ரூபி வராத அந்த வாழ்க்கையில் கார்லா எப்படிக் கசந்துபோய் நிற்கிறாள்! முகமே மாறிவிடுகிறது. பனிக்கும் பாட்டுக்கும் அர்த்தம் தேடினவர்கள் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஏன் தேடவில்லை? ரூபி யார் என்பதற்கு விடை அங்கேயே, முதல் நாளே வந்துவிட்டது. டாக்டர் தானும் தத்துப்பிள்ளைதான், அது தனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது என்று அவளிடம் சொல்வதும் அந்தக் கதையில்தான். நீ அதைப் பார்க்கும்போது பேசாமல் எழுந்து உள்ளே போனாய். நானும் கேட்கவில்லை.

'73 யார்ட்ஸ்' கதையைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய், அதிலும் கிழவியின் கை அசைவுகளைப் பற்றிய பகுதி. 73 கஜம் தள்ளியே நிற்கும் அந்தக் கிழவியிடம் போய்ப் பேசுகிறவர்கள் எல்லாம் ரூபியைப் பார்த்தாலே ஓடுகிறார்கள். என்ன சொன்னாள் என்பது கடைசிவரை சொல்லப்படவே இல்லை. அதற்கு நீ நாலு விளக்கம் கொடுத்திருக்கிறாய். ரூபி வருங்காலத்தில் செய்யப் போகும் ஏதோ கொடுமையைச் சொல்லியிருப்பாள் என்பது ஒன்று; சொல்வதே ஒரு வகை மந்திரம் என்பது இன்னொன்று. கார்லாவும் ஓடுகிறாள். பூட்டை மாற்றுகிறாள். பெற்றவளுக்கே நீ வேண்டாதவள்தானே என்று கேட்கிறாள். அந்த இடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. மீதியை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

என் விளக்கம் உன் நாலிலும் சேராது. கார்லாவை ஓட வைக்கும்படி சொல்ல அந்தக் கிழவியிடம் ஒரு சொல்லும் கிடையாது. அதனால்தான் எழுதினவராலும் அதைச் சொல்ல முடியவில்லை. காதில் விழாமல் வைத்தார். எந்த வார்த்தையைப் போட்டாலும் பொய்யாகிவிடும். என்னிடம் யார் வந்து எதைச் சொன்னாலும் நான் பூட்டை மாற்றமாட்டேன் பாப்பா. இது தொடரைப் பற்றி மட்டும் எழுதுவது இல்லை.

ராத்திரியில் எதையும் எழுதி அனுப்பாதே. இந்தத் தொடர் விஷயத்தில் முன்பே பார்த்திருக்கிறோம், கதை முடிந்த சூட்டில் எழுதியதற்கு இரண்டு நாள் கழித்து நீயே வருத்தப்பட்டாய். யாருக்கு எழுதுவதாக இருந்தாலும் எழுதி வைத்துக்கொள், காலையில் எழுந்து ஒரு தடவை படி, அப்புறம் அனுப்பு. முக்கியமாகப் பழக்கமில்லாதவர்களுக்கு. அவர்கள் வீட்டில் என்ன நிலைமையோ நமக்குத் தெரியாது.

பீரோவில் இருந்த நீலக் கவர் அந்த இடத்தில் இல்லை. நீ வந்துபோன பிறகுதான் கவனித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2021-ல் 'ஃப்ளக்ஸ்' கடைசிக் கதையில், அப்போது பெண்ணாக இருந்த டாக்டர் தன் பழைய நினைவுகள் அடங்கிய அந்தச் சங்கிலிக் கடிகாரத்தை டார்டிஸிடம் கொடுத்து, எனக்குக் கிடைக்காத இடத்தில் வை, நானே உண்மையில் கேட்டால் மட்டும் கொடு என்பாள். ஏன் திறக்கவில்லை என்று எல்லோரும் திட்டினார்கள், நீயும் திட்டினாய். நான் டார்டிஸை நினைத்துக்கொண்டேன். கேட்டால் கொடுத்துவிடத்தான் அது வைத்திருக்கிறது. நீ கேட்டிருந்தால் நானே எடுத்து உன் கையில் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துப் போனதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். எடுத்ததில் வருத்தம் இல்லை. அது உன்னுடையது.

ஜூன் 22 கதையான 'எம்பயர் ஆஃப் டெத்' முடிவில் டாக்டர் ரூபியைத் தடுக்கிறாரே, இத்தனை வருடத்தில் அவள் உன்னைத் தேடி வரவில்லை, விட்டுவிடு என்பதுபோல. அவர் சொன்னது தப்பு. ரூபி அந்தக் காபிக் கடைக்குள் போனதுதான் சரி. அவள் உட்காருகிறாள், காபி சொல்கிறாள், கடைக்காரர் ரூபி என்று கூப்பிட, பக்கத்து மேஜைப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண் நிமிரவே இல்லை என்றாலும் ரூபி போனது சரிதான் என்றிருப்பேன். அப்புறம் லூயிஸ் கார்லாவின் வீட்டுக்கே வருகிறாள், கார்லா அவளைச் சேர்த்துக்கொள்கிறாள். அவசரமாக முடித்துவிட்டார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு அவசரமாகத் தெரியவில்லை. கார்லா மனதுக்குள் எத்தனை வருடமாக அந்தக் கதவைத் திறந்து பழகியிருப்பாள் என்று யோசித்துப் பார்.

போவதாக இருந்தால் தனியாகப் போகாதே. கூட நான்தான் வரவேண்டும் என்றில்லை, யாரையாவது கூட்டிக்கொண்டு போ. முதல் தடவை எழுதுவதாக இருந்தால் சுருக்கமாக எழுது. பதில் வராவிட்டால் அதற்கு உடனே ஒரு விளக்கம் கட்டிக்கொள்ளாதே. பனி ஏன் பெய்தது, கை ஏன் நீட்டினாள் என்று நீங்கள் எல்லோரும் ஆறு மாதம் கட்டியதில் எது உண்மையானது? உனக்கு ஒன்று தெரியாவிட்டால் மிக மோசமானதையோ மிகப் பெரியதையோதான் நினைப்பாய், சின்ன வயதிலிருந்தே அப்படி. ராத்திரியில் அனுப்பாதே.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, நன்றாக இருக்கிறார். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார், நான் சொல்லிவிட்டேன். இப்போது சொட்டு மருந்து மட்டும்தான். பெரிய எழுத்தில் அச்சடித்து உன் பக்கங்களை அவருக்குக் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தில் எனக்கு உன் உதவி வேண்டும். 2025 மே 31 கதையின் முடிவில் டாக்டராக இருந்த ஷூட்டி காட்வா மாறி பில்லி பைப்பர் வந்து நின்றார் இல்லையா. பெயர்ப் பட்டியலில் அறிமுகம் என்று மட்டும் போட்டார்கள், டாக்டராக என்று போடவில்லை. அப்பா அது பைப்பர் முன்பு நடித்த ரோஸ்தான் என்கிறார். 2005-ல் 'பேட் வுல்ஃப்' என்ற எழுத்து எங்கெல்லாம் வருகிறது என்று நீ நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாய், கடைசியில் அதைக் காலம் முழுக்கத் தூவியது ரோஸே என்று தெரிந்ததும் துள்ளினாய். அவர் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் இது டாக்டர்தான் என்கிறேன். முன்பு டாக்டராக நடித்த கபால்டியின் முகம், எரிமலையில் அழிந்த பொம்பெயி நகரத்துக் கதையில் டாக்டர் காப்பாற்றிய ஆளின் முகம். நீ மனிதர்களைக் காப்பாற்றுகிறவன் என்று தனக்கே நினைவூட்ட அந்த முகத்தை எடுத்துக்கொண்டார் என்று பின்னால் காரணம் சொன்னார்கள். இன்னொரு பழைய டாக்டரான டென்னன்ட்டின் முகமும் திரும்பி வந்தது. அப்படியானால் டாக்டர் மிகவும் தளர்ந்துபோகும்போது, தன்னை நேசித்தவர்களின் முகத்தைத்தான் தேடிப் போகிறார். இது என் கணிப்பு. ஓட்டை எங்கே இருக்கிறது என்று நீ பார்த்துச் சொல்லவேண்டும். அப்பா சொன்னால் நான் கேட்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வேன். எடு. கவரைப் பற்றி நீயாகப் பேசாவிட்டால் நானும் பேசமாட்டேன், பைப்பரைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
அம்மா