வேலியில் ஒரு பொட்டு

ஸ்காபுறோ, கனடா,
ஒக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு கிழமையாகிவிட்டது. "போனில் கதைத்தால் ஓம் ஓம் என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதுதான் எழுதுகிறேன்" என்று தொடங்கியிருந்தீர்கள். அதற்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். கடிதம் மேசையில்தான் கிடக்கிறது. எடுத்து வாசிப்பேன், மதில் விஷயம் வருகிற இடத்தில் திரும்ப மடித்து வைத்துவிடுவேன். அதற்கு வருகிறேன், முதலில் மற்றக் கதைகள்.

நான் நல்ல சுகம். இப்போது கடைச் சாப்பாடு குறைவு, நானே சமைக்கிறேன். சோறும் பருப்பும்தான் வயிற்றுக்கு நல்லது என்று கண்டுபிடித்திருக்கிறேன். வேலை கிழமைக்கு மூன்று நாள் ஆக்கியிருக்கிறார்கள், ஓய்வு கிடைப்பதும் நல்லதுதானே. குளிர் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு எங்கேயும் நடந்தே போகப் பழகியதில் ஒரு புது இடம் பிடிபட்டது, அதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

நான் இருக்கிற பேஸ்மென்ற் வீட்டுத் தெரு முடிகிற இடத்தில் ஒரு கம்பிவேலி. அதற்கு அங்கால் நிலம் திடீரென்று கீழே இறங்கிவிடுகிறது, மூன்று பனை உயரம் இருக்கும். அடியில் ஒரு ஓடை. இதை இங்கே றவீன் என்கிறார்கள். பள்ளத்தாக்கு என்று எழுதினால் நீங்கள் நுவரெலியாவை நினைப்பீர்கள், அப்படி இல்லை. மேலே நின்றால் மாடிவீடுகளும் கார்களும், கீழே இறங்கினால் ஒரு சத்தமும் இல்லாத காடு. எங்கட ஊர் தட்டையான சுண்ணக்கல் தரை, பள்ளம் என்றால் கிணறும் குளமும்தான், அதனால் முதல் நாள் எனக்கு விளங்கவே இல்லை. 12,000 வருஷத்துக்கு முன்னர் பனிப்பாறைகள் உருகி விலகின பிறகு ஆறுகளும் ஓடைகளும் வெட்டின பள்ளங்களாம், நகரம் முழுக்கக் கைவிரல் மாதிரி விரிந்து கிடக்கிறது. ரொறன்ரோவில் நூற்றுக்கு 17 பங்கு நிலம் இதுதான், 11,000 ஹெக்டேர். இத்தனை வருஷமாக அதன் மேலால் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

உள்ளே ஒரே பத்தை. நாயை நெரிக்கிற கொடி என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த கொடியாம், மற்றச் செடிகளை மூடிப் படர்ந்து விடுகிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சி ஏமாந்து அதில் முட்டை போட்டால் புழு பிழைக்காது. பாதை என்று ஒன்றுமில்லை, மான் நடந்த தடம்தான். ஒரு நாள் ஈர இலையில் சறுக்கிக் கால் சுளுக்கிவிட்டது. அத்தானிடம் சொல்ல வேண்டாம், இப்போது சுகம்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு திரிகிறவர் பக்கத்து வீட்டுக் கிழவர். போர்த்துக்கல்காரர், மனைவி இல்லை. முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, இடுப்பில் ஒரு சின்ன வாள், விழுந்த கொப்புகளை அறுத்து ஓரமாகப் போட்டபடி தன்பாட்டில் கதைத்துக்கொண்டு போவார். ஓடைக்குள் யாரோ தள்ளிவிட்ட கடை வண்டில்களை இழுத்து வந்து கழுவி, அதற்குள் மண் போட்டுத் தக்காளி நடுகிறார். பின்வளவில் இப்போது ஏழு வண்டில் நிற்கிறது. மகள் வந்து ஏசிவிட்டுப் போகிறா. எனக்குப் போன கிழமையும் ஒரு பை தக்காளி தந்தார், சம்பல் அரைத்தேன், புளி போதாது.

இவ்வளவு நிலத்தை ஏன் வீடு கட்டாமல் விட்டார்கள் என்று அவரிடம் கேட்டேன். 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளியின் மழையில் ஹம்பர் ஆறு பெருகி றேமோர் என்கிற ஒரே தெருவில் 35 பேரைக் கொண்டுபோய்விட்டது. கனடாவில் மொத்தமாக 81 பேர். அதற்குப் பிறகுதான் ஆற்றுப் பள்ளங்களில் கட்ட விடாமல் நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கத் தொடங்கினார்களாம். ஆனாலும் பத்தில் நாலு பங்கு இன்னும் தனியார் காணி. அதனால் ஒரு இடத்தில் நல்ல பாதை, பாலம், வாங்கு எல்லாம் இருக்கும், அடுத்த இடத்தில் கம்பி. மோர்ணிங்சைட் பூங்கா போல எங்கள் பக்கத்தையும் ஆக்கலாம். மின்கம்பங்கள் போகிற வெளியில் மெடோவே என்று 16 கிலோமீற்றர் பாதை ஒன்று றூஜ் தேசியப் பூங்கா வரை போடுகிறார்கள். முன்பு வெறும் புல்லு வெட்டின இடத்தில் காட்டுப்பூ விதைத்திருக்கிறார்கள், அக்கா, போன ஆடி மாதம் பார்த்தேன், அவ்வளவு வடிவு. எங்கள் பள்ளத்துக்குத் தார் ஒன்றும் வேண்டாம். மரத்தூள் கொட்டி, கிழவருக்கு இறங்கப் படி நாலு வைத்தால் போதும்.

இதைப்பற்றி நூலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பள்ளத்தை ஒட்டி வீடு உள்ளவர்கள் எழும்பி, பாதை வந்தால் கண்டவனும் வந்து எட்டிப் பார்ப்பான், கள்ளர் வருவார்கள் என்றார்கள். கிழவர் எழும்பித் தக்காளியில் தொடங்கி இருபது நிமிஷம் கதைத்து இருத்தப்பட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கையைத் தூக்கிவிட்டேன். "நான் பேஸ்மென்றில் இருக்கிறேன், எனக்குக் காணி இல்லை, வேலை முடிந்தால் போக ஒரு இடமும் இல்லை, நடக்கப் பாதை இருந்தால் நல்லது" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். மூன்று பேர் கைதட்டினார்கள். ஒருவர் கிழவர். கூட்டத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும், நீங்கள் அதை வேறு மாதிரி எடுக்க வேண்டாம்.

இப்போது ஹைலண்ட் ஓடையில் சமன் மீன் ஏறுகிற காலம். பேணியில் கண்ட சமன் இல்லை, என் கை நீளம் இருக்கும். "பிறந்த இடத்துக்குத் திரும்புகிறது, பார்" என்று கிழவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. முட்டை போட்டுவிட்டு அங்கேயே செத்துப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே.

ஆனால் வீட்டுக்கு வரும்போது ஒன்று நடந்தது. நாங்கள் போய் வருவது கம்பிவேலியில் யாரோ வெட்டிவிட்ட ஒரு ஓட்டையால். குனிந்து வர, சட்டை கம்பியில் கொழுவிக்கொண்டது. அதைக் கழற்றும்போது, பெரியம்மா வீட்டுப் பக்கத்துக் கிளுவை வேலியில் இருந்த பொட்டு அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது. அம்மா அதற்குள்ளால் தலையை நீட்டி "அக்கை, ஒரு தேங்காய் பாதி இருக்கோ" என்று கேட்கிற குரலும். அதற்குள்ளால்தானே பள்ளிக்கூடமும் போனோம், மாரியில் வழுக்கியாற்றில் வெள்ளம் பார்க்கவும் ஓடினோம். அதிலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். கிழவர் ஒன்றும் கேட்கவில்லை, வாளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சரி, மதில். அத்தான் பின்வளவை முழுக்க அடைத்து மதில் கட்ட வேண்டும், என் கையெழுத்தும் பாதிச் செலவும் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். காசு ஒரு பிரச்சினை இல்லை, ஆனால் இந்த வருஷம் முடியட்டும். கையெழுத்துத்தான் யோசிக்கிறேன். கோயிலுக்குப் போகிற சனம் நாற்பது வருஷமாக அந்த மூலையால்தான் நடக்கிறது. மூடினால் பெரியம்மா றோட்டால் சுற்றித்தான் வரவேண்டும், அந்த முழங்காலோடு. தேங்காய் களவு போகிறது என்று அத்தான் சொல்வதும் நியாயம்தான். முன்பக்கத்தை வேண்டுமானால் கட்டுங்கள், பின்பக்கம் கதியால் போட்டுக் கிடுகு அடையுங்கள், மூலையில் ஒரு ஆள் போகப் பொட்டு விடுங்கள். அப்படியென்றால் நாளைக்கே கையெழுத்து வைத்து அனுப்புகிறேன். அத்தான் கோபிப்பார். நான் சொன்னதாகச் சொல்லாமல், பெரியம்மா கேட்டதாகச் சொல்லிப் பாருங்கள்.

இந்த மாதக் காசு ஒரு கிழமை பிந்தும், வங்கியில் ஏதோ சுணக்கம். சின்னவனின் ரியூஷன் காசை முதலில் கட்டுங்கள். பெரியம்மாவின் கண் ஒப்பரேஷன் எப்போது என்று நீங்கள் எழுதவே இல்லை. மழைக்கு முன் கதியால் வெட்டுவதென்றால் பூவரசு வேண்டாம், மசுக்குட்டி வரும், கிளுவையே போடுங்கள்.

அன்புடன்,
தம்பி