லேசர் மாட்யூல் விற்கும் கடைக்கார அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அண்ணாச்சி என்றும் பாய் என்றும் கூப்பிட்டுக்கொண்டு உங்கள் கடைவாசல்களில் நின்றே எலக்ட்ரானிக்ஸ் கற்றவன் நான். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைச் சந்துகளில் எனக்குக் கிடைத்த பாடம் கல்லூரியில் கிடைத்ததைவிட அதிகம். எந்த ஐசிக்கு எது மாற்று, எந்த டிரான்ஸ்ஃபார்மர் அரை மணியில் சூடேறும் என்பதையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது என்னைப் போன்ற பலர் வீட்டிலேயே லேசர் புரொஜக்டர் கட்டுகிறோம். சிவப்பு, பச்சை, நீலம் என லேசரை உமிழும் மூன்று மாட்யூல், கதிர்களை ஒன்றாகச் சேர்க்க இரண்டு டைக்ராயிக் கண்ணாடி, கதிரைத் திருப்பி வரைய வேகமாக அசையும் குட்டிக் கண்ணாடிகளான ஒரு ஜோடி கால்வோ, ஒரு கன்ட்ரோலர் போர்டு. இவ்வளவு இருந்தால் எதிர்ச்சுவரில் ஒளியால் எழுதலாம். கால்வோ வாங்கும்போது 20கே என்கிறீர்கள், வாங்கிவந்து சோதித்தால் பெரும்பாலும் சொன்னபடியே ஓடுகிறது. மாட்யூலில்தான் சிக்கல்.

பொங்கலுக்கு எங்கள் தெருச் சுவரில் ‘வணக்கம்’ என்று எழுதிக்காட்ட ஆசைப்பட்டேன். 20கே கால்வோ நொடிக்கு 20,000 இடங்களைத் தொடும். படம் துடிக்காமல் தெரிய நொடிக்கு 25 முறை வரைந்தால், ஒரு முறைக்கு 800 இடங்கள். சுழி சுழியாக வளையும் நம் எழுத்துக்கு அது தாராளம் இல்லை, ஆனால் போதும். சோதனை வேறிடத்தில் வந்தது. ‘வணக்கம்’ என்ற சொல்லில் க், ம் என்று இரண்டு மெய்யெழுத்துகள். அவற்றின் தலையில் புள்ளி வைக்க லேசர் அணைய வேண்டும், கண்ணாடி மேலே தாவ வேண்டும், கணநேரம் எரிந்து மறுபடி அணைய வேண்டும். சிவப்பில் புள்ளி குண்டுமணியாக விழுந்தது. நீலத்திலும் அப்படியே. பச்சையில் மட்டும் புள்ளிக்கு வால் முளைத்தது. எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே மங்கலாக ஒரு கோடு. மென்பொருளில் என்னென்னவோ மாற்றிப் பார்த்து ஒரு வாரம் போனது.

கோளாறு மென்பொருளில் இல்லை, மாட்யூலின் வயிற்றில். விலை குறைந்த 532 நானோமீட்டர் அலைநீளப் பச்சை, நேரடியாகப் பச்சையை உமிழும் டயோடு அல்ல. உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைத் தூண்டுகிறது. அது 1064 நானோமீட்டர் கதிரைத் தருகிறது. இன்னொரு படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 பச்சையாக்குகிறது. இத்தனை படி தாண்டி வரும் ஒளி, சொன்ன நொடியில் எரிந்து சொன்ன நொடியில் அணையாது. 520 நானோமீட்டர் நேரடிப் பச்சை டயோடு என்று ஒன்று உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் புரொஜக்டருக்கு அதுதான் பொருந்தும். வாங்கும்போதே “இது 532, சும்மா புள்ளி காட்டத்தான் ஆகும்” என்று சொல்லியிருந்தால் கூடுதல் காசு கொடுத்து மற்றதை வாங்கியிருப்பேன்.

வால் விழுவது அழகுக் குறைவு, அவ்வளவுதான். பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அடுத்தது.

அந்த மாட்யூலின் உறையில் 50 மில்லிவாட் என்று அச்சிட்டிருந்தது. தெரிந்த ஒருவரிடம் ஒளியின் திறனை அளக்கும் தெர்மோபைல் மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். 80ஐத் தாண்டியது. நடுவில் அகச்சிவப்பு வடிகட்டி ஒன்றை வைத்ததும் 45க்கு இறங்கியது. மிச்சமெல்லாம் கண்ணுக்கே தெரியாத கதிர். உள்ளே இருக்க வேண்டிய ஒரு சிறு வடிகட்டிக் கண்ணாடியை, செலவு மிச்சம் என்று செய்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

பிரகாசமான ஒளி பட்டால் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும், தலை திரும்பிவிடும். 1 மில்லிவாட் வரை கண்ணுக்கு ஆபத்தில்லை என்ற கணக்கே இந்தக் கால் நொடியை வைத்துப் போட்டது. அகச்சிவப்பு பட்டால் இமை மூடாது, வலிக்காது. விழித்திரை வெந்துகொண்டிருப்பது நமக்குத் தெரியவே தெரியாது. மாட்யூலோடு இலவசமாக வரும் சிவப்புப் பிளாஸ்டிக் கண்ணாடி பச்சையை ஓரளவு தடுக்கலாம். 808ஐயும் 1064ஐயும் அப்படியே உள்ளே விட்டுவிடலாம். பச்சை மங்கித் தெரிவதால் பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பி இன்னும் பக்கத்தில் குனிவோம்.

இது என் ஒருவனுக்கு நடந்ததல்ல. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2010இல், 10 மில்லிவாட் என்று விற்ற ஒரு மலிவுப் பச்சை லேசரைச் சோதித்தது. அதிலிருந்து கிட்டத்தட்ட 20 மில்லிவாட் அகச்சிவப்பு வந்தது. 2013இல் அதே நிறுவனம் 122 லேசர் பாயின்டர்களை அளந்தபோது, பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்குள் அடங்கவில்லை.

மீட்டர் இல்லாமலே கடையில் இதைச் சோதித்துவிடலாம். முதலில் உங்கள் போனின் முன்பக்கக் கேமராவை நோக்கி டிவி ரிமோட்டை அழுத்துங்கள். ரிமோட்டின் முனை மின்னுவது திரையில் தெரிந்தால் அந்தக் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கும். பிறகு பழைய சிடி ஒன்றின் பளபளக்கும் பக்கத்தில் லேசரை நேராக விழவிட்டு, சிதறும் கதிர்கள் ஒரு வெள்ளைத்தாளில் படும்படி வையுங்கள். சிடியை ஒருபோதும் நேராகப் பார்க்க வேண்டாம், தாளைப் போன் திரையில் மட்டும் பாருங்கள். முதல் பச்சைப் புள்ளி, சிடியில் விழும் கதிரிலிருந்து சுமார் 19 டிகிரி விலகி விழும், இரண்டாவது 42இல். இரண்டுக்கும் நடுவே 30 டிகிரியை ஒட்டி, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் கேமரா ஒரு புள்ளியைக் காட்டினால் அதுதான் 808. வடிகட்டி இல்லை என்று அர்த்தம். 1064 நானோமீட்டர் மட்டும் இதில் பிடிபடாது. அது 532க்குச் சரியாக இரு மடங்கு என்பதால் இரண்டாவது பச்சைப் புள்ளியின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே 808 தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து நல்ல மாட்யூல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சிவப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 650 நானோமீட்டரும் 638 நானோமீட்டரும் உங்களுக்கு ஒரே ‘ரெட்’டாக இருக்கலாம். ஒரே மில்லிவாட்டுக்கு 638 கண்ணுக்கு ஒன்றே முக்கால் மடங்கு பிரகாசம். வெள்ளை நிறம் கலக்கும்போது இந்த வேறுபாடு அப்படியே தெரிந்துவிடும். சிவப்பு டயோடுக்குச் சூடும் ஆகாது. மே மாதச் சென்னையில் பெட்டிக்குள் மூன்று மாட்யூலும் ஓடும்போது, மாலை வெள்ளையாகத் தொடங்கிய எழுத்து சற்று நேரத்தில் பச்சைநீலமாக மாறிவிடுகிறது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் சின்னதா பெரிதா என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

நான் கேட்பது சட்டத்துக்குப் புறம்பான சலுகை அல்ல. லேசர் பாதுகாப்புக்கு ஐஎஸ் 14624 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தொடர் கதிரில் 1 மில்லிவாட் வரை வகுப்பு 2, 5 வரை 3ஆர், 500 வரை 3பி, அதற்கு மேல் வகுப்பு 4. உறையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மூன்று விவரம் எழுதுங்கள்: அலைநீளம், வெளிவரும் ஒளியின் மில்லிவாட், வகுப்பு. மாட்யூல் இழுக்கும் மின்சாரத்தின் வாட்டை ஒளியின் வாட்டாக எழுதாதீர்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்த அனலாக் மாடுலேஷனா, எரிவதும் அணைவதும் மட்டும் தெரிந்த டிடிஎல்லா என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். டிடிஎல் என்றால் மொத்தமே ஏழு நிறம்தான் கிடைக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்று வரும் பிள்ளைகளுக்கு 3பி மாட்யூலைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, நெடுநாளாகச் சொல்ல நினைத்தது. வாடிக்கையாளர் கேட்டதும் மாட்யூலைப் பேட்டரியில் தொட்டு எதிர்க்கடை ஷட்டரில் புள்ளியைக் காட்டுகிறீர்கள். நடுவில் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், பளபளக்கும் ஷட்டரிலிருந்து கதிர் உங்கள் பக்கமே திரும்புகிறது. நான் எப்போதாவது ஒருநாள் மாட்யூல் வாங்குகிறவன். நீங்கள் அதை நாள் முழுவதும் செய்கிறீர்கள். கல்லாவுக்குப் பின்னால் கறுப்பு அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து அதற்குள் அடித்துக் காட்டினால் போதும்.

மீட்டரை மறுபடி இரவல் கேட்டிருக்கிறேன். கூட்டம் இல்லாத ஒரு மதியத்தைச் சொல்லுங்கள், வருகிறேன். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். அளந்து, எண்ணை உங்கள் கண்ணெதிரிலேயே உறையில் எழுதிவிட்டுப் போகிறேன். 532க்கும் 808க்கும் 1064க்கும் தடுப்பு குறிப்பிட்டிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன்