பழைய சில்லைப் பூட்டமுன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் படப் பக்கத்தில் பழைய வாகனக் கூடல் ஒன்றின் படங்கள் வந்திருந்தன. 1972ஆம் ஆண்டுச் செவர்லே சீ-10 பிக்கப்புக்குப் பக்கத்தில் எங்கள் பொடியன் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வடிவான வாகனம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படத்துக்குக் கீழே, பழைய காலத்துக் குரோம் சில்லுகளை வாங்கி அரை மணித்தியாலத்தில் தானே பூட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அரை மணித்தியாலம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

நான் கனடாவில், ஸ்காபுறோவில் கராஜ் வைத்திருக்கிறேன். இந்த வசந்தத்தில் வேறொரு தம்பி இதே மாதிரி ஒரு சீ-10 கொண்டுவந்தார். "அங்கிள், எண்பது தாண்டினா ஸ்ரியரிங் ஆடுது. ரெண்டு தரம் பலன்ஸ் பண்ணியாச்சு, நிக்குதில்லை" என்றார். சில்லுகளைப் பார்த்தேன். கிரேகர் எஸ்/எஸ். 1964இல் வந்த வகை; குரோம் பூசிய இரும்பு றிம்மும் நடுவில் அலுமினிய ஐந்து கையும். அந்தக் காலத்துப் பொடியள் கனவில் கண்ட சில்லு. பழைய சாமான் சந்தையில் நாலையும் வாங்கி, ஒரு ரயர் கடையில் கொடுத்துப் பூட்டுவித்திருக்கிறார். விற்றவர், செவெல் காரிலிருந்து கழற்றியது, அதுவும் செவர்லே தானே, செவர்லேக்குப் பூட்டலாம் என்றாராம்.

முன்பக்கச் சில்லைக் கழற்றினேன். நட்டுகளைச் சுற்றிக் கரித்தூள் மாதிரிக் கறுப்பு. அது தூசியல்ல, தேய்ந்த அலுமினியம். துளைகள் வட்டமாக இல்லை; வெளிப்புறம் பார்த்து முட்டை வடிவில் நீண்டிருந்தன. விரலை விட்டுத் தடவினேன், அரத்தின் கீறல் தட்டுப்பட்டது. யாரோ வட்ட அரம் போட்டு ராவித் துளையைப் பெருப்பித்திருக்கிறார்கள். துளையின் சுவரில் ஸ்ரட்டின், அதாவது நட்டுப் பூட்டும் ஆணியின், புரி அச்சடித்தமாதிரிப் பதிந்திருந்தது. தம்பிக்குக் கைவிளக்கைப் பிடித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தன் மகளை அதில் ஏற்றிக்கொண்டு பரி நகர் வரை போய்வந்ததைப் பிறகுதான் சொன்னார்.

கணக்கு இதுதான். செவெல் காரின் ஐந்து ஸ்ரட்டும் 4¾ அங்குல வட்டத்தில் இருக்கும். 1971இலிருந்து வந்த சீ-10 பிக்கப்புக்கு 5 அங்குல வட்டம். (அதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஆறு ஸ்ரட். அதில் யாரும் ஏமாற வழியில்லை, எண்ணினாலே தெரியும்.) ஐந்து ஸ்ரட் உள்ள சில்லில் எதிரெதிராக அளக்க முடியாது, எதிரில் ஒன்றும் இராது. பக்கத்துப் பக்கத்து ஸ்ரட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.7ஆல் பெருக்க வேண்டும். பிக்கப்பில் அந்த இடைவெளி 74.6 மில்லிமீற்றர், செவெல் சில்லில் 70.9. நாலு மில்லிமீற்றர்கூட வித்தியாசமில்லை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஸ்ரட்டும் துளையின் நடுவிலிருந்து மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வெளியே தள்ளி நிற்கும்.

இந்தச் சில்லுகளுக்கு உரிய நட்டுக்கு நேரான கழுத்து உண்டு. அந்தக் கழுத்து துளைக்குள் இறங்கி உட்கார்ந்தால்தான் சில்லு நடுவில் நிற்கும். கழுத்து இறங்கவேண்டும் என்பதற்காகத் துளையைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில்தான் திருகுதாளம் நடக்கிறது. கழுத்து நட்டு உள்ளே போகாததால் கூம்பு நட்டைப் போட்டு காற்றில் இயங்கும் எயார் கன்னால் இறுக்கிவிட்டிருந்தார்கள். கூம்பின் ஒரு பக்கம் மட்டும் அலுமினியத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. பலன்ஸ் எத்தனை தரம் செய்தென்ன?

துளை சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. 1971இல் இந்தப் பிக்கப்புகளின் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் வந்துவிட்டது. ட்றம் பிறேக் காலத்துச் சில்லு சில வேளை டிஸ்க்கைப் பிடிக்கும் கலிப்பரில் முட்டும். ரயர் போடமுன் வெறும் றிம்மைப் பூட்டி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தால் போதும். துளை அளவை மாற்றும் அடப்டர் தட்டை இடையில் போட்டால் சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் சில்லு வெளியே தள்ளும், மட்காட்டில் உரசும், பெயரிங்கில் பாரம் கூடும். எனக்குப் பிடிக்காது. அதோடு, காருக்கென்று வார்த்த சில்லை அரை ரொன் பிக்கப்பில் பூட்டிப் பின்னால் கல்லும் மண்ணும் ஏற்றுவது விசர் வேலை.

நானும் சுத்தமான ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதிக் கராஜ் ஒன்றில் தொழில் பழகியவன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்களை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மூன்று நட்டில் சில்லு பூட்டி அனுப்பிய நாளும் உண்டு. வேறு நட்டு இருக்கவில்லை, அனுப்பினோம். குண்டும் குழியுமான வீதியில் அந்தக் கார் இருபதுக்கு மேல் ஓடாது. இங்கே 401 நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது பக்கத்து லேனில் யாரோ ஒருவரின் பிள்ளை இருக்கிறது.

ஒன்ராறியோவில் லொறிச் சில்லு கழன்று ஆட்கள் செத்த பிறகுதான் சட்டம் வந்தது. 1997இலிருந்து வர்த்தக வாகனத்தின் சில்லு கழன்றால் 2,000 முதல் 50,000 டொலர் வரை தண்டம். கவனமாகத்தான் பார்த்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது. எங்கள் பொடியளின் பொழுதுபோக்குப் பிக்கப்புக்கு அந்தச் சட்டம் வராது. ஆனால் கழன்ற சில்லு யாருடையது என்று எதிரே வருகிறவருக்குத் தெரியப்போவதில்லை.

ஆகவே, அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது பூட்டிய நேரத்தை விட்டுவிட்டு என்ன அளவு, என்ன நட்டு என்று ஒரு வரி கேட்டுப் போடுங்கள். இறுக்கத்தை அளக்கும் ரோர்க் றெஞ்ச் பிடித்தாரா, நூறு கிலோமீற்றர் ஓடிவந்து திரும்ப இறுக்கினாரா என்றும் கேட்கலாம். படத்திலுள்ள தம்பி எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கவும் கூடும். அப்படியென்றால் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்னிடம் வந்த தம்பி 5 அங்குல வட்டத்துக்குரிய சில்லுகளைத் தேடி எடுத்துவிட்டார். ஸ்ரட்டுகளையும் புதிதாக மாற்றினோம். பழைய சில்லுகள் என் கராஜின் பின்சுவரில் தொங்குகின்றன. செவெல் வைத்திருப்பவர் யாராவது வாசித்தால் வந்து பார்க்கலாம். மூன்று இருக்கிறது. துளைகளை அளந்து, வெடிப்பும் பார்த்துவிட்டேன். கழுத்து நட்டும் வாசரும் நீங்கள் தனியே வாங்கவேண்டும். அரம் போட்ட நாலாவதை நான் விற்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்காபுறோ வாசகர் ஒருவர்