களப்பணி நோட்டைப் படிக்க நேரம் ஒதுக்குங்கள்: சமூகப்பணிப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கான பாடத்திட்டக் குழுக்களில் பொறுப்பு வகிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மருத்துவமனையில் சமூகப்பணியாளராக இருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் களப்பணிக்காக எங்களிடம் வருகிறார்கள். நிறுவனத்தின் சார்பில் அவர்களை வழிநடத்துவதும், வருகைப் பதிவில் கையொப்பமிடுவதும், பருவ இறுதியில் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி உங்கள் கல்லூரிக்கு அனுப்புவதும் என் வேலைகளில் அடங்கும். அந்த இடத்திலிருந்து உங்களிடம் கேட்பது இதுதான்: மாணவர்கள் களப்பணி அறிக்கையைத் தமிழில் எழுதலாம் என்று உங்கள் விதிமுறையில் வெளிப்படையாகச் சேருங்கள், அப்படி எழுதியதை ஆசிரியர் மாணவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பதற்கான நேரத்தையும் அதே விதிமுறையில் ஒதுக்குங்கள்.

இது சின்னக் கோரிக்கையாகத் தோன்றலாம். காசநோய்ப் பிரிவில் களப்பணி செய்த ஒரு மாணவியின் அறிக்கையைச் சொன்னால் அதன் கனம் விளங்கும். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட ஒருவரிடம் அந்த மாணவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசியிருந்தார். ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி வந்தார். நோயாளிக்கு நோயைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை, ஒத்துழைப்பு தரவில்லை, ஆலோசனை வழங்கப்பட்டது என்பதுதான் அதன் சாரம். இந்த மூன்று வாக்கியங்களை நான் வேறு எத்தனையோ அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளி, குடிநோயாளி, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் என யாரைப் பற்றிய அறிக்கையில் வைத்தாலும் அவை பொருந்திவிடும். யாரைப் பற்றியும் எதையும் சொல்லிவிடவும் மாட்டா.

அவர் என்ன சொன்னார், நீ என்ன கேட்டாய் என்பதை நடந்த வரிசையிலேயே தமிழில் எழுதிக்கொண்டு வா என்றேன். மறுவாரம் பல பக்கங்கள் வந்தன. அவர் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர். நள்ளிரவுக்கு மேல்தான் லாரிகள் வரும். சரக்கு இறக்கி முடிக்கப் பொழுது விடிந்துவிடும். வெறும் வயிற்றில் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்கள். இரவெல்லாம் சுமை தூக்கிவிட்டு வந்து அதைப் போட்டால் குமட்டுகிறது, பிறகு சோறு இறங்குவதில்லை, சாப்பிடாமல் படுத்தால் மறுநாள் இரவு மூட்டை தூக்க உடம்பில் தெம்பில்லை. காசநோயால் தன் அண்ணன் இறந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். விழிப்புணர்வுக்கு அவரிடம் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் அக்கம்பக்கத்தில் வெறும் சளி என்று சொல்லிவைத்திருக்கிறார். காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் வர வேண்டிய மாதம் 1,000 ரூபாயும் அவருக்கு வரவில்லை. பயன்பாட்டில் உள்ள கணக்கே அவரிடம் இல்லை. இவ்வளவையும் அவர் அந்த மாணவியிடம் சொல்லித்தான் இருந்தார். ஆங்கில அறிக்கைக்குள் ஒன்றுகூட வரவில்லை.

தமிழில் எழுதி வந்த பிறகு செய்ய வேண்டிய வேலைகள் தாமாகவே புலப்பட்டன. மாத்திரை வேளையை அவருடைய உறக்கத்துக்கு ஏற்ப மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டுக்குப் போகும் சுகாதாரப் பணியாளர் தெருவில் நின்று நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மாணவி திறமை குறைந்தவர் அல்லர். கேட்கத் தெரிந்தவர் என்பதால்தான் அந்த மனிதர் அவரிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். கேட்டதை எழுதுவதற்குக் கையில் கொடுக்கப்பட்ட மொழியில் அவருக்குப் பழகியவை வகுப்பில் படித்த தேய்ந்த சொற்றொடர்கள் மட்டுமே. பி.காம்., கணிதம், விலங்கியல், தமிழிலக்கியம் என எந்தப் பட்டம் பெற்றவரும் இந்தப் படிப்பில் சேரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். அது நல்ல ஏற்பாடு. அப்படி வருபவர்களில் பலர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள், தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நோயாளியின் வாழ்க்கையை வகுப்பில் எவரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய அவர்களைத்தான் ஆங்கில அறிக்கை ஊமையாக்குகிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டத்தை 2010இலேயே இயற்றிய மாநிலம் இது.

இந்தப் படிப்பின் தொடக்கத்தை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் வாதத்துக்காக ஒரு வார்த்தை. 1936இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்த பள்ளியின் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மேன்ஷார்ட், அதற்கு முன்பே நாக்பாடாவில் உழைக்கும் மக்களுக்கு நடுவே ஒரு சமூக மையத்தை நடத்திவந்தவர். 1952இல் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியை நிறுவிய மேரி கிளப்வாலா ஜாதவும் கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பின் வழியாகப் பல காலம் களத்தில் நின்றவர். இரண்டு இடத்திலும் களம் முந்தியது, வகுப்பறை பிந்தியது. இன்று நிலைமை தலைகீழாகி, வகுப்பறைத் தாள்களுக்கு நடுவே வாரத்தில் கிடைத்த இரண்டு நாளில் களப்பணி நடக்கிறது.

ஆங்கிலம் வேண்டும் என்பதற்கு நீங்கள் சொல்லக்கூடிய காரணங்களை நான் அறிவேன், அவற்றில் நியாயமும் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. வெளிமாநில வேலைக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும் ஆங்கிலம் இல்லாமல் ஆகாது. மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டு ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போக நினைப்பவர்கள் நிறுவனத்தில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். (500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொன்னதை நம்பித்தான் இந்தச் சிறப்புப் பாடம் வளர்ந்தது. ஆனால் அந்த அலுவலரிடம் குறை சொல்ல வரும் தொழிலாளி இன்று தமிழிலோ இந்தியிலோ ஒடியாவிலோ பேசுகிறார்.) ஆகவே தாள்களும் ஆய்வேடும் இப்போதுபோல் ஆங்கிலத்திலேயே தொடரட்டும், களப்பணி அறிக்கைக்கும் முடிவில் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் கேளுங்கள். நேர்காணல் பதிவு மட்டும், பேச்சு நடந்த மொழியில் இருக்கட்டும். கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சென்னைக்கு வந்து படிப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதே சரி. ஆனால் உடன் படிப்பவரை மொழிபெயர்க்கச் சொல்லிக்கொண்டு வார்டில் சுற்றும் நிலையில் அவர்களை விடாமல், முதல் பருவத்திலேயே பேச்சுத்தமிழ்ப் பயிற்சி தர வேண்டும்.

அடுத்து, படிப்பதற்கான நேரம். எழுதியதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்த மாணவர் சீக்கிரமே எழுதுவதை நிறுத்திவிடுகிறார். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதத் தொடங்குகிறார். வாரந்தோறும் நடக்க வேண்டிய தனிநபர் கலந்துரையாடல், பல இடங்களில் நோட்டை நீட்டுவது, தேதி போட்டுக் கையொப்பம் வாங்குவது என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை; வகுப்புகளும் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஆவணங்களும் தேர்வுப் பணியும் போக அவர்களுக்கு எஞ்சும் நேரம் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை ஆசிரியர்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் விதியாக்குங்கள் என்கிறேன். ஓர் ஆசிரியரின் பொறுப்பில் எட்டு மாணவர்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் வாரம் முக்கால் மணி நேரம், கால அட்டவணையில் பாடவேளையாகவே குறிக்கப்படட்டும். ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கிலும் சேரட்டும். அகமதிப்பெண்ணில் ஒரு பகுதி, அந்த உரையாடலுக்குப் பிறகு மாணவர் தன் அணுகுமுறையில் என்ன மாற்றினார் என்பதற்கு உரியதாகட்டும். முகாம் புகைப்படங்களை ஒட்டி வண்ணக் காகிதத்தில் அட்டை போட்ட ஆல்பத்துக்கு மதிப்பெண் தரும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

படிக்க ஆள் இருந்தால் களப்பணி நிறுவனங்களின் போக்கும் மாறும். மாணவரை உட்காரவைத்துக் கணினியில் விவரம் ஏற்றச் சொல்லும் இடங்களும், விழா நாளில் நாற்காலி போடச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. வாரந்தோறும் நோட்டைப் படிக்கும் ஆசிரியருக்கு அது இரண்டாவது வாரமே தெரிந்துவிடும். பருவ இறுதியில் கையொப்பமிடுபவருக்குக் கடைசிவரை தெரியாது.

சட்டத்தின் பக்கமிருந்தும் ஒரு காரணம் நெருங்கி வருகிறது. துணை மருத்துவ மற்றும் உடல்நலப் பணித் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021, தன் அட்டவணையில் மருத்துவச் சமூகப்பணியாளரையும் மனநலச் சமூகப்பணியாளரையும் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின் வரையறைப்படி துணை மருத்துவத் தொழில்முறையாளரின் படிப்பு 2,000 மணி நேரத்துக்கும், உடல்நலப் பணித் தொழில்முறையாளரின் படிப்பு 3,600 மணி நேரத்துக்கும் குறையக் கூடாது. வாரம் 2 நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்று 15 வாரப் பருவத்துக்குக் கணக்கிட்டால் நம் மாணவரின் களப்பணி 180 மணி நேரம் ஆகிறது. நான்கு பருவங்களுக்கு 720. கிராம முகாமையும் ஒரு மாதத் தொடர் களப்பணியையும் சேர்த்தாலும் ஆயிரத்தை எட்டுவதே அரிது. மீதியை வகுப்பறை நேரம்தான் நிரப்ப வேண்டும். நாளைக்கு ஒரு பதிவுக் குழு நம் பட்டதாரியைப் பார்த்து, இந்த மணி நேரங்களில் என்ன செய்தாய், யார் மேற்பார்வை செய்தார் என்று கேட்டால், காட்டுவதற்கு அந்த நோட்டைத் தவிர வேறு சான்று இல்லை.

மனநலத் துறையில் இந்த நோட்டின் அருமையை நாம் மிகக் கொடிய முறையில் அறிந்தவர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நாடி மனநோயாளிகளை அழைத்துவரும் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் நம் திருச்சியும் ஒன்று. அது 1996-97லேயே வந்துவிட்டது. இருந்தும் அந்தக் குடும்பங்கள் மருத்துவமனையை நாடாமல் ஏர்வாடிக்கு ஏன் போயின, பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ஏன் திரும்பின என்பதை எந்த மருத்துவக் குறிப்பிலும் தேட முடியாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதும் ஒருவரின் பதிவில்தான் அது கிடைக்கும். மாவட்டக் குழுவில் மனநலச் சமூகப்பணியாளருக்கு இடம் வைத்திருப்பதே அதற்காகத்தான். அந்த இடத்துக்குப் போகிறவர், குடும்பத்தார் ஒத்துழைக்கவில்லை என்று ஒற்றை வரி எழுதிப் பழகியவராக இருந்தால் இடம் நிரம்பும், வேலை நடக்காது.

பயணச் செலவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் மாணவிகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் களப்பணி நிறுவனம் பக்கத்து ஊரில் இருந்தால் மொஃபசல் பேருந்துக்கு அவர்களும் காசு கொடுக்க வேண்டும், ஆண் மாணவர்களுக்கு அந்த நகரப் பேருந்துச் சலுகையும் இல்லை. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடுகிறது. அதே வார்டில் பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை உண்டு. இருவரின் பொறுப்பும் ஒன்றல்ல என்பது உண்மைதான்; பேருந்துக் கட்டணமாவது தரலாம் என்பதை அந்த வேறுபாடு மறுக்கவில்லை. களப்பணி நாட்களுக்குப் பயணப்படி வழங்குமாறு உயர்கல்வித் துறைக்கு உங்கள் குழு ஒரு பரிந்துரைத் தீர்மானம் அனுப்பலாம்.

மேலே கேட்டவற்றில் மொழி, ஆசிரியர் விகிதம், மதிப்பெண் பகிர்வு ஆகிய மூன்றையும் பாடத்திட்டக் குழுவே முன்மொழிந்து, கல்விக் குழுவின் ஒப்புதலுடன் அடுத்த கல்வியாண்டிலிருந்து நடைமுறைப்படுத்த இயலும். உங்கள் அடுத்த கூட்டத்துக்குத் தொழிற்துறைப் பிரதிநிதியை அழைக்கும்போது, மாணவர்களுக்குக் களப்பணி தரும் நிறுவனத்திலிருந்தும் ஒருவரை அழையுங்கள். பெயர்களை நீக்கிய சில தமிழ் அறிக்கைகளையும், அதே நேர்காணல்களுக்கு முதலில் எழுதப்பட்ட ஆங்கில அறிக்கைகளையும் அவர் கொண்டுவரட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மாணவர்களுக்குக் களப்பணியில் வழிகாட்டும் மருத்துவச் சமூகப்பணியாளர் ஒருவர்